கட்டில் ஆறு, இரவு இரண்டு மணி

செத்தவனுக்கும் மூன்று புள்ளி உண்டு.
முதலாம் வருசம் இதைக் கேட்டு
பின்வாங்கில் நாங்கள் சிரித்தோம்.
கண் திறக்காவிட்டால் ஒன்று,
வாய் பேசாவிட்டால் ஒன்று,
கை அசையாவிட்டால் ஒன்று.
பூச்சியம் என்று எழுத
இந்த அட்டவணையில் இடமில்லை.

திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி.
மின்விசிறி நின்றால் கடல் கேட்கும்.
மின்விசிறி நிற்பதில்லை.

கட்டில் ஆறில் பெயரில்லாத பெடியன்.
கிண்ணியாப் பாலத்தடியில்
மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.
ஹெல்மெட் ஹாண்டிலிலேயே தொங்கினதாம்.
ஓட்டோவில் கொண்டுவந்தவர்
சாரமெல்லாம் இரத்தத்தோடு
காசு கேட்காமல் போய்விட்டார்.

மணிக்கொரு தடவை அவனை நான் எழுப்ப வேண்டும்.
"தம்பி, கண்ணைத் திறவுங்கோ."
இல்லை.
"தம்பி!"
இல்லை.
பேனையை நகத்தில் வைத்து அழுத்தினேன்.
இமை பிரிந்தது. இரண்டு.
மற்றக் கை தேடிவந்து பேனையைத் தட்டியது. ஐந்து.
வாயில் ஏதோ நுரைத்தது,
முனகல் என்று எழுதினேன். இரண்டு.
கூட்டினால் ஒன்பது.
எட்டுக்கு இறங்கினால் டொக்டரை எழுப்ப வேண்டும்,
தொண்டைக்குக் குழாய், விடியுமுன் அம்புலன்ஸ்.
ரோச் வெளிச்சத்தில் கண்மணி இரண்டும்
மிளகளவு, சமம், சுருங்கின.
பன்னிரண்டுக்கு ஒன்பது. ஒன்றுக்கு ஒன்பது.
இரண்டுக்கும் ஒன்பதை வைத்தேன்.
கோடு நேராகப் போனது. எனக்கு அது பிடித்திருந்தது.

"மிஸ், அவன் ஐஸ் பெட்டியக் கேக்கான்."

கட்டில் ஏழு. உதுமாலெவ்வைக் காக்கா.
சீனன்குடாவில் இருபத்தாறு வருசம் மூட்டை எண்ணினவர்,
மூன்று பாஷையிலும் எண்ணுவார்.
மூளையின் வலப்புறம் ஒரு குழாய் அடைத்ததில்
உலகத்தின் இடப்பக்கம் அவருக்கு இல்லாமல் போனது.
பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு
"இவ்வளவுதானா?" என்பார்.
கோப்பையைத் திருப்பி வைத்தால்
மீதி மீன் வானத்தால் விழுந்ததுபோல மகிழ்வார்.
சவரம் எடுத்தாலும் ஒரு கன்னம்தான்.
கட்டில் ஆறு
அவருக்கு வலப்பக்கம்.

"சிங்களப் பெடியன் மிஸ்.
கோ மகே ஐஸ் பெட்டிய எண்டு
ராவெல்லாம் கேட்டுக்கிட்டுக் கெடக்கான்."

குனிந்தேன்.
ஐஸ்.
பெட்டி.
எங்கட வீட்டிலும் பெட்டி பெட்டிதானே.
மூன்று தடவை அதை நான்
முனகல் என்று எழுதியிருக்கிறேன்.

காக்கா தலையணையில் கிடந்தபடியே கூப்பிட்டார்:
"மல்லி! எஸ் அரின்ன!"
கண் திறந்தது.
நகம் அழுத்தாமல், வெறும் சொல்லுக்கு. மூன்று.
"அத்த உஸ்ஸன்ன!"
கை ஒரு சாண் உயர்ந்து விழுந்தது. ஆறு.
எங்கே இருக்கிறாய் என்று கேட்கச் சொன்னேன்.
படகிலாம். ஐஸ் கரையப் போகுதாம்.
குழம்பிய பேச்சு. நான்கு.

பதின்மூன்று.
ஒன்பதுக்கும் பதின்மூன்றுக்கும் இடையில்
அவனுடைய மண்டைக்குள் ஒன்றுமே நடக்கவில்லை.

பிழையை அழிக்கக் கூடாது என்பது விதி.
ஒற்றைக் கோட்டால் வெட்டலாம்,
வெட்டினது தெரிய வேண்டும்,
பக்கத்தில் கையெழுத்து வேண்டும்.
வெட்டினேன். வைத்தேன்.
அட்டவணையின் தலையில், அடுத்த முறைக்காரிக்கு,
சிங்களத்தில் கூப்பிடவும் என்று
தமிழில் எழுதிவிட்டு
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காக்காவின் இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது.
தூக்கி அவர் நெஞ்சில் வைத்தேன்.
"ஆர்ர கை மிஸ் இது?"
"உங்கடதான் காக்கா."
"பொய் செல்லாதீங்க," என்றார்.
பிறகு வலது கையால் அதைப் பொத்திக்கொண்டு,
"செரி, போங்க.
சொந்தக்காரன் வருமட்டும்
நான் வெச்சிரிக்கன்."